கேளுங்கள், செட்டைச் சரி பண்ணலாம்: ‘கொர்ர்’ சத்தம் எங்கிருந்து வருகிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான். செட்டை மாட்டினேன், பாட்டு வருகிறது, பாட்டுக்கு அடியில் ‘கொர்ர்’ என்று ஒரு சத்தமும் கூடவே வருகிறது. கும்பகோணத்தில் என் பட்டறைக்கும் சித்திரை, வைகாசியில் இதே புகாரோடுதான் அதிகம் பேர் வருவார்கள். ஏன் அந்த மாதங்களில் என்பதைச் சீர்காழி வாசகருக்கான பதிலில் சொல்கிறேன்.

பாட்டு வகுப்பு எடுக்கிறேன். என் சுருதி ஐந்து கட்டை. பழைய ஆம்ப்ளிஃபையரில் டேப் போட்டுப் பிள்ளைகளைக் கேட்க வைப்பேன். மூன்று மாதமாக ஆன் பண்ணியதுமே ஒரு ரீங்காரம். மந்திர சட்ஜம் மாதிரி இருக்கிறது, ஆனால் சேரவில்லை. தம்புராவோடு உரசுகிறது. டேப் ஒயரைக் கழற்றினாலும் போகவில்லை.
– வாசகி, திருவையாறு

அம்மா, பாதி வேலையை உங்கள் காதே முடித்துவிட்டது. நம் வீட்டுக் கரண்ட் ஒரு நொடிக்கு 50 முறை துடிக்கிறது. செட்டுக்குள் டிரான்ஸ்பார்மரை அடுத்து இருக்கும் நான்கு டையோடுகள் அதை டிசியாக மாற்றும்போது அந்தத் துடிப்பு இரட்டித்து 100 ஆகிவிடும். ஐந்து கட்டைக்கு மத்திம ஸ்தாயி சட்ஜம் 196 ஹெர்ட்ஸ், மந்திர சட்ஜம் 98. உங்கள் செட் போடுவது 100. சட்ஜத்துக்கு ஒரு இழை மேலே நிற்கிறது. அதனால்தான் தம்புராவோடு உரசுகிறது.

இது எனக்குச் சொல்லும் சேதி என்னவென்றால், கோளாறு ஒயரில் இல்லை, செட்டுக்குள்ளேயே இருக்கிறது. அந்த 100 துடிப்பை அமுக்கி வழவழவென்று ஆக்க வேண்டியது ஃபில்டர் கண்டன்சர். உள்ளே உருளை டப்பி மாதிரி பெரிதாக நிற்குமே, அதுதான். அதற்குள் இருக்கும் ஈரம் வருஷக்கணக்கான சூட்டில் காய்ந்து போகும். காய்ந்தால் சக்தி குறையும், துடிப்பு தப்பித்து ஸ்பீக்கருக்குப் போய்விடும்.

உறுதி செய்துகொள்ள ஒரு சின்ன சோதனை. பின்னால் இருக்கும் எல்லா ஒயரையும் கழற்றிவிட்டு வால்யூமை அடிமட்டத்துக்குத் திருப்புங்கள். சத்தம் குறையாமல் அப்படியே இருந்தால் கண்டன்சர் வேலைதான். வால்யூமோடு ஏறி இறங்கினால் வெளியிலிருந்து, அல்லது முன்பகுதியிலிருந்து வருகிறது. மெக்கானிக்கிடம் “ஃபில்டர் கண்டன்சர் மாற்றணும்” என்று சொன்னால் போதும். டப்பியில் போட்டிருக்கும் மைக்ரோஃபாரட் அளவுக்குக் குறையாமல், வோல்ட் அதே அல்லது அதற்கு மேல் போடச் சொல்லுங்கள். நீங்களே திறந்து பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த டப்பி கொஞ்ச நேரம் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும்.

பையன் டிவி வாங்கிக் கொடுத்தான். அதை என் பழைய ஆம்ப்ளிஃபையரோடு சேர்த்தேன். அன்றிலிருந்து பெரிய ஹம். பக்கத்துத் தெரு எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, “ஆம்ப் பிளக்கில் பெரிய பின்னை உடைத்துவிடுங்கள், போய்விடும்” என்றார். ஒரு நிமிஷம் மாற்றுப் பிளக்கில் போட்டுக் காட்டினார், உண்மையிலேயே போய்விட்டது. உடைத்துவிடலாமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், மன்னார்குடி

ஐயா, தயவு செய்து உடைக்காதீர்கள். சத்தம் போகும் என்பது உண்மை. அதனால்தான் இந்த யோசனை ஆபத்தானது.

நான் தொழில் பழகிய காலத்தில் இதையே செய்திருக்கிறேன். வைத்தீஸ்வரன்கோவில் பக்கம் ஒரு வீட்டில் ஹம் நிற்கவில்லை. குறடால் பின்னை நறுக்கினேன், சத்தம் நின்றது, வீட்டுக்காரர் காபி கொடுத்து அனுப்பினார். ஏழெட்டு மாதம் கழித்து அந்தச் செட்டின் டிரான்ஸ்பார்மரில் சுருள் எரிந்து, கரண்ட் இரும்புப் பெட்டிக்கு இறங்கிவிட்டது. பின் இருந்திருந்தால் அந்தக் கரண்ட் எர்த்துக்குப் போய் ஃபியூஸ் அடித்திருக்கும். போக வழியில்லாமல் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டுப் பாட்டி ஈரத் துணியால் துடைக்கப் போயிருக்கிறார். தூக்கி எறிந்ததில் மணிக்கட்டு முறிந்தது. உயிர் பிழைத்தார். என் வாத்தியார் ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் நறுக்கிப் போட்டிருந்த பித்தளைத் துண்டைப் பட்டறையில் தேடி எடுத்து என் கையில் வைத்தார். அது இன்றைக்கும் என் மேஜை டிராயரில், சால்டரிங் ஈயத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

சரி, உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஆம்ப் எர்த் ஆகியிருக்கிறது, மூன்றாவது பின் வழியாக. டிவி பிளக்கில் இரண்டு பின்தான், ஆனால் அதற்கும் இன்னொரு பக்கம் எர்த் இருக்கிறது. எங்கே? கேபிள் டிவி ஒயரில். அந்த ஒயரின் மேல் பின்னல் எங்கோ கம்பத்திலோ, நாலு வீடு தள்ளியோ மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும். அது செட்டாப் பாக்ஸ் வழியாக டிவிக்கு வருகிறது. உங்கள் வீட்டு மண்ணும் அந்த மண்ணும் ஒரே அளவில் இருக்காது, ஒரு சின்ன வோல்ட் வித்தியாசம் எப்போதும் இருக்கும். நீங்கள் டிவியையும் ஆம்பையும் ஆடியோ ஒயரால் இணைத்ததும் இந்த இரண்டு எர்த்துக்கும் நடுவே வழி கிடைத்துவிட்டது. பாட்டு போகிற அதே ஒயரின் ஷீல்டில், அதாவது மேல் பின்னலில், 50 ஹெர்ட்ஸ் கரண்டும் ஓடுகிறது. அதைத்தான் ஆம்ப் பெரிதாக்கிக் காட்டுகிறது. நாங்கள் இதை எர்த் லூப் என்போம்.

இதைக் கண்ணால் பார்த்துவிடலாம். ஹம் வரும்போது செட்டாப் பாக்ஸின் பின்னால் போய், திருகி மாட்டியிருக்கும் கேபிள் ஒயரை மட்டும் கழற்றுங்கள். அந்த நொடியே சத்தம் அடங்கினால் நான் சொன்னதுதான். அடங்கவில்லையென்றால் மற்ற ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். இரண்டை ஒன்றாகக் கழற்றினால் எது காரணம் என்று தெரியாது.

முதலில் டிவி, செட்டாப் பாக்ஸ், ஆம்ப் எல்லாவற்றையும் ஒரே சுவர் சாக்கெட்டிலிருந்து வரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுங்கள். காசு செலவில்லை, லூப் சின்னதாகும், சில வீடுகளில் இதுவே போதும். போதவில்லையென்றால் ஆப்டிகல் ஒயர். டிவி பின்னால் சின்னச் சதுர ஓட்டையில் சிவப்பாக வெளிச்சம் தெரியும். அதில் பாட்டு வெளிச்சமாகத்தான் போகிறது. வெளிச்சத்தில் எர்த் போக முடியாது, லூப் அங்கேயே அறுந்துவிடும். உங்கள் பழைய ஆம்பில் ஆப்டிகல் ஓட்டை இருக்காது. அந்த வெளிச்சத்தை ஆம்புக்குப் புரிகிற சிக்னலாக மாற்ற, நடுவில் வைக்க டிஏசி என்று கையடக்கப் பெட்டி கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கேதான் நிறையப் பேர் இடறுகிறார்கள். அந்தப் பெட்டிக்கு 5 வோல்ட் வேண்டும். பக்கத்திலேயே இருக்கிறதே என்று டிவியின் யுஎஸ்பி ஓட்டையில் சொருகிவிடுவார்கள். ஆப்டிகலில் அறுத்த எர்த்தை யுஎஸ்பி ஒயர் திரும்பவும் இணைத்துவிடும், ஹம் பழையபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். “ஆப்டிகலும் வேலைக்கு ஆகலை சார்” என்று என்னிடம் வருவார்கள். தனி அடாப்டரில் போடுங்கள். டிவி செட்டிங்கில் டிஜிட்டல் ஆடியோவை ‘பிசிஎம்’ என்று மாற்றுவதும் முக்கியம். இல்லாவிட்டால் சில சேனல்களில் சத்தமே வராது, அல்லது சரசரவென்று வரும்.

ஆடியோ ஐசொலேட்டர் என்றும் ஒன்று விற்கிறார்கள். உள்ளே ஒன்றுக்கு ஒன்று சின்ன டிரான்ஸ்பார்மர் இரண்டு இருக்கும். லூப்பை அதுவும் அறுக்கும். ஆனால் மலிவானவற்றில் கோர் மிகச் சின்னது, தவிலின் அடி நாதம் அங்கேயே தேய்ந்துவிடும். ஆப்டிகலுக்கு வழியே இல்லாத இடத்துக்கு மட்டும் இதை வைத்துக்கொள்கிறேன்.

தாத்தாவின் ரெக்கார்ட் பிளேயரை ஒரு கடையில் சரி செய்து வாங்கி, புதிய ஆம்பின் ஆக்ஸ் பின்னில் சேர்த்தேன். பாட்டு எங்கோ கிணற்றுக்குள் கேட்கிறது, அடி நாதமே இல்லை, கூடவே ஹம். வீட்டில் டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் 78 தட்டுகள் இருக்கின்றன. அவற்றையும் கேட்க ஆசை.
– வாசகர், தஞ்சாவூர்

திருவாவடுதுறையாரின் தட்டு வீட்டில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். அதனால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது இருக்கும் ஊசியில் 78 தட்டைப் போடாதீர்கள். எல்பி தட்டின் வரி முடி மாதிரி மெல்லியது, 78-இன் வரி அதைவிட ரொம்ப அகலம். எல்பி ஊசி 78 வரியின் அடியில் போய்த் தட்டித் தடுமாறும். தூசியையும் கீறலையும்தான் படிக்கும், ஊசியும் தேயும். ஊசியை மாட்டியிருக்கும் சின்னப் பெட்டிதான் கார்ட்ரிட்ஜ், உங்களுடையதற்கு 78 ஊசி தனியாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். பிளேயரில் 78 வேகம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிணற்றுச் சத்தத்துக்கு வருவோம். காந்தக் கார்ட்ரிட்ஜ் கொடுப்பது நாலைந்து மில்லிவோல்ட்தான். சிடி பிளேயர் உச்சத்தில் இரண்டு வோல்ட் வரை கொடுக்கும். ஆக்ஸ் பின் எதிர்பார்ப்பது இந்த இரண்டாவது ரகத்தை. போதாக்குறைக்கு, தட்டு வெட்டும்போதே அடி நாதத்தைக் குறைத்து, மேல் நாதத்தைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள், வரி அகலமாகிவிடக் கூடாதே என்று. கேட்கும்போது அதைத் தலைகீழாக்க வேண்டும். அந்த இரண்டு வேலையையும் செய்வது ஃபோனோ பிரீஆம்ப். ஆம்பில் ‘ஃபோனோ’ என்று எழுதிய பின் இருந்தால் அதில் போடுங்கள். இல்லையென்றால் தனியாக வாங்க வேண்டும்.

ஆனால் பழைய கைப்பெட்டி பிளேயர்களில் செராமிக் கார்ட்ரிட்ஜ் வரும். அது இன்னும் பலமான சத்தம் கொடுக்கும், ஃபோனோ பின்னில் போட்டால் அலறும். உங்களுடையது கிணற்றுக்குள் கேட்பதால் காந்த ரகம் என்றே நினைக்கிறேன்.

ஹம்முக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு மெல்லிய ஒயர். பிளேயரிலிருந்து சிவப்பு, வெள்ளைப் பின்களோடு மூன்றாவதாக ஒரு ஒற்றை ஒயர் வரும், முனையில் கவட்டை மாதிரி தகரம் இருக்கும். அது ஊசி தாங்கும் கையின் எர்த். ஆம்பின் பின்னால் எர்த் குறி போட்ட திருகில் மாட்ட வேண்டும். என்ன ஒயர் என்று தெரியாமல் மடித்து டேப் சுற்றி வைத்திருப்பார்கள், பார்த்திருக்கிறேன். பாட்டு ஓடாதபோது அந்தக் கையின் உலோகத்தை விரலால் தொடுங்கள். ஹம் குறைந்தால் அந்த ஒயர்தான் எங்கோ விட்டுப் போயிருக்கிறது.

ஆம்ப் பெட்டியைத் தொட்டால் சுர்ரென்கிறது. வீடு தாத்தா காலத்து ஓட்டு வீடு, எல்லாம் இரண்டு ஓட்டை பிளக் பாயின்ட். குழாயில் ஒரு ஒயர் கட்டி எர்த் கொடுக்கலாமா? சாக்கெட்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துவிடலாம் என்றும் ஒருவர் சொல்கிறார்.
– விவசாயி, சீர்காழி

இரண்டும் வேண்டாம் அண்ணே. குழாய் இப்போது பாதி இடத்தில் பிளாஸ்டிக், ஒயர் கட்டியும் பயனில்லை. இரும்பாகவே இருந்தால், செட்டில் கசிவு வரும் அன்றைக்குக் குளிக்கிறவர் கைக்குக் கரண்ட் போகும். நியூட்ரலோடு சேர்ப்பது இதைவிட மோசம். கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் எங்கேயாவது அறுந்தால், உங்கள் ஆம்ப் பெட்டியில் முழு 230 வோல்ட்டும் வந்து நிற்கும்.

முறையாக ஒரு எர்த் குழி போடுங்கள். இரண்டரை மீட்டருக்குக் குறையாத ஜி.ஐ. பைப், சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காக, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு வாய். அங்கிருந்து மெயின் போர்டுக்கும், ஒவ்வொரு பிளக் பாயின்டுக்கும் தனி எர்த் ஒயர். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போடச் சொல்லுங்கள். அது கசிவைப் பார்த்துக் கண் இமைப்பதற்குள் அணைத்துவிடும். நீங்கள் எனக்குப் புதிய ஸ்பீக்கர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அந்தப் பணத்தை முதலில் இதில் போடுங்கள்.

குழி போட்டதோடு முடிந்தது என்று விடாதீர்கள். உங்கள் பக்கம், எங்கள் பக்கம் எல்லாம் களிமண். தண்ணீர் இருக்கும்போது இதைப் போல எர்த்துக்குத் தோதான மண் கிடையாது. ஆனால் சித்திரை வெயிலில் வயலைப் பார்த்திருப்பீர்கள், பாளம் பாளமாக வெடித்துக் கை நுழைகிற அளவுக்கு வாய் பிளந்து கிடக்கும். அதே வெடிப்பு எர்த் பைப்பைச் சுற்றியும் வருகிறது. என் பட்டறைக் கொல்லையில் ஒரு வருஷம் குனிந்து பார்த்தேன், பைப்புக்கும் மண்ணுக்கும் நடுவில் சுண்டு விரல் போனது. பைப் நிற்கிறது, மண்ணைத் தொடவில்லை. காற்றில் எப்படி எர்த் கிடைக்கும்? நல்ல செட்டெல்லாம் கோடையில் ஹம் போட ஆரம்பிப்பதும், பெட்டி சுர்ரென்பதும் பெரும்பாலும் இதனால்தான். மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி வாய்க்காலில் தண்ணீர் வந்து, குறுவைக்கு உழவு ஓடும் சமயத்தில் பல வீடுகளில் தானாகவே சரியாகிவிடும். எதைச் சரி பண்ணினீர்கள் என்று என்னைக் கேட்பார்கள். நான் ஒன்றும் பண்ணியிருக்க மாட்டேன்.

மாசி முடிந்ததிலிருந்து வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். வருஷத்துக்கு ஒரு தரம், கோடை நடுவில், எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த்தை அளந்து பாருங்கள். ஐப்பசி மழையில் அளந்தால் எல்லா எர்த்தும் நல்ல எர்த்தாகத்தான் தெரியும்.

ஒன்று விட்டுவிட்டேன். சுர்ரென்பது லேசாக, மயிர் கூசுகிற மாதிரி இருந்தால் டிரான்ஸ்பார்மரின் சாதாரணக் கசிவாக இருக்கலாம். சுளீரென்று இழுத்தால் செட்டை உடனே பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு, கசிவு பார்க்கும் மெக்கர் என்ற மீட்டரில் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை வீட்டில் யாரும் அதைத் தொட வேண்டாம்.

ஒரு பக்க ஸ்பீக்கர் அடிக்கடி செத்துப்போகிறது. பின்னை ஆட்டினால் வருகிறது. கஜா புயலுக்கு முந்தின வருஷம் வாங்கிய செட்.
– வாசகர், வேதாரண்யம்

உப்பளத்துக் காற்று. 2017-இல் வாங்கியது இத்தனை நாள் தாங்கியதே நல்ல செட் என்பதற்கு அடையாளம். பின்னை உருவிப் பாருங்கள், மேல் வளையத்தில் பச்சை பூத்திருக்கும். கரண்ட்டை நிறுத்திவிட்டுக் காண்டாக்ட் கிளீனர் தெளித்து, பின்னை நாலைந்து முறை திருகித் திருகி மாட்டி எடுங்கள். பின் மட்டுமல்ல, செட்டின் ஓட்டைக்குள்ளும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மேல் பூச்சு போனால் அடுத்த மாதமே திரும்பப் பூக்கும். மேல் வளையம் விட்டுப்போனால் ஷீல்ட் போய் ஹம்மும் வரும், அதற்கும் இதுதான் மருந்து.

லேப்டாப்பை ஆம்பில் சேர்த்தால் ‘கீச் கீச்’ என்று ஒரு சத்தம். மவுஸை நகர்த்தினால் சத்தமும் மாறுகிறது.
– கல்லூரி மாணவர், திருவாரூர்

தம்பி, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் கேட்டுப் பார். நின்றுவிட்டால் சார்ஜர் வழியாகத்தான் வருகிறது. பேட்டரியில் வைத்தே பாட்டுக் கேட்கலாம், அல்லது ஒரு ப்ளூடூத் ரிசீவரை ஆம்பில் மாட்டிக்கொள். ஒயரே இல்லையென்றால் லூப்பும் இல்லை. ஹாஸ்டலில் யாராவது பழைய பட்டன் போனை ஆம்ப் மேல் வைத்தால் ‘டிட் டிட் டிட்’ என்று வரும், அது வேறு. போனைத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் ‘ஙீ’ என்கிறது.
– வாசகி, பாபநாசம்

உங்களுடையது சதுர அலை இன்வெர்ட்டராக இருக்கும். கம்பக் கரண்ட் அலையாக வருகிறது, அது படிக்கட்டாக வருகிறது. அந்த ஓரங்கள்தான் ஸ்பீக்கரில் கேட்கின்றன. செட்டில் கோளாறு இல்லை. அடுத்த முறை மாற்றும்போது சைன் வேவ் என்று கேட்டு வாங்குங்கள். அதுவரை கரண்ட் வரும்வரை செட்டை நிறுத்தி வையுங்கள்.

வீடு வெள்ளையடித்தபோது ஸ்பீக்கர்களைக் கழற்றி மாட்டினோம். அதற்கப்புறம் ஹம் எதுவும் இல்லை, ஆனால் மிருதங்கத்தில் வலப் பக்கத்து வலந்தலை மட்டும் கேட்கிறது, இடப் பக்கத்துத் தொப்பியின் அடி நாதத்தைக் காணோம். தனியாக ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது.
– மிருதங்கம் பழகுகிறவர், குத்தாலம்

தனித்தனியாக நன்றாக இருக்கிறது, சேர்ந்தால் தொப்பி இல்லை என்றால், ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் ஒயர் மாறிவிட்டது. ஒன்று காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுக்கிறது. அடி நாதத்தில் இரண்டும் ஒன்றை ஒன்று தின்றுவிடுகின்றன.

ஆம்பை நிறுத்திவிட்டு, ஸ்பீக்கர் ஒயர்களை ஆம்ப் பக்கத்தில் கழற்றிக்கொள்ளுங்கள். சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒன்றரை வோல்ட் பேட்டரியை எடுங்கள். ஆம்பின் சிவப்பில் இருந்த ஒயரைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும், கறுப்பில் இருந்ததை மைனஸிலும் ஒரு நொடி மட்டும் தொடுங்கள். ‘டப்’ என்று பெரிய கூம்பு வெளியே வர வேண்டும். இன்னொரு ஸ்பீக்கருக்கும் அதேபோல் செய்யுங்கள். எது உள்ளே போகிறதோ அதன் ஒயரைத் திருப்பி மாட்டுங்கள். அப்புறம் ஒரு தனி ஆவர்த்தனம் போட்டு, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்து கேளுங்கள், தொப்பி முன்னால் வந்திருக்கும். கடிகாரத்துக்குப் பேட்டரியைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.